வீடியோ கேமுக்கு எதுக்குங்க விமர்சனம்? செஞ்சி மலைப்படியில் கிடைத்த பதில்

செஞ்சி ராஜகிரி மலையில் ஏறியவர்களுக்கு இது தெரியும். கீழே நின்று பார்க்கும்போது ‘எண்ணூறு அடிதானே, ஏறிடலாம்’ என்று தோன்றும். பாதிப் படி தாண்டுவதற்குள் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்திருக்கும். நடுவில் ஒரு குறுகலான பாலம். அந்தக் காலத்தில் அந்தப் பலகையை இழுத்துக்கொண்டால் போதும், எவ்வளவு பெரிய படை வந்தாலும் அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தப் பாலத்துக்கு முன்னால் நானும் என் அக்கா மகனும் உட்கார்ந்துவிட்டோம். பையன் பிளஸ் டூ படிக்கிறான். பாட்டில் தண்ணீரைக் காலி செய்துவிட்டுச் சொன்னான்:

"மாமா, இங்க ஒரு கொடி இருக்கணும். அதைத் தாண்டிட்டா வுழுந்தாலும் பரவால்ல. மறுபடி இங்கேர்ந்தே ஏறலாம்."

"இன்னாடா சொல்ற?"

"செலஸ்ட்டுனு ஒரு கேம் மாமா. ஒரு பொண்ணு மலை ஏறுவா. அவ்ளோதான் கதை."

"அவ்ளோதானா?"

"ஏறும்போது அவளுக்கு மூச்சு அடைக்கும். களைப்புல இல்ல, பயத்துல. எனக்கு வருதே, அந்த மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. அரையாண்டுத் தேர்வு அன்று காலையில் அவனுக்குக் கை மரத்துப்போய், மூச்சு முட்டி, வேர்த்துக் கொட்டியது. ‘ராத்திரி சரியா சாப்பிடல, அதான்’ என்று நாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம். அதற்கு ஒரு மாதம் முன்புதான் ‘எந்நேரமும் கேமு’ என்று சொல்லி அக்கா அவனுடைய பழைய லேப்டாப்பை பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். ‘நல்ல வேலை செஞ்சக்கா’ என்று சொன்னவன் நான்தான்.

அவனுக்கு என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்த கேமைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பற்றி எழுதிய விமர்சகர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அந்த விமர்சனங்கள் எதுவும் எங்கள் வீட்டு வாசல்வரை வரவில்லை. இந்தக் கட்டுரை எழுத அதுதான் காரணம்.

செலஸ்ட் என்ன மாதிரி கேம்?

தொண்ணூறுகளில் டிவியில் கேசட் சொருகி மாரியோ ஆடியவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. ஓடணும், தாவணும், பள்ளத்தில் விழாமல் அடுத்த திட்டுக்குப் போகணும். இந்த வகையைத்தான் ‘பிளாட்பார்மர்’ என்கிறார்கள். செலஸ்ட்டும் அந்த வகைதான். 2018 ஜனவரியில் வெளிவந்தது. கனடாவைச் சேர்ந்த மேடி தோர்சன், நோயல் பெர்ரி இருவரும் நான்கே நாளில் விளையாட்டாகச் செய்து பார்த்த ஒரு குட்டி கேம்தான் இதற்கு விதை. பிறகு ஒரு சிறு குழு சேர்ந்து அதைப் பெரிதாக வளர்த்தது. இசை லீனா ரெய்ன்.

பெரிய நிறுவனத்தின் முதலீடோ உத்தரவோ இல்லாமல் சிறு குழுக்கள் செய்யும் கேம்களை ‘இண்டி’ என்பார்கள். நம்ம சிறுபத்திரிகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு குறைவு, ஆள் குறைவு. ஆனால் பெரிய பத்திரிகையில் வராத விஷயம் அங்கேதான் வரும்.

கதாநாயகி மேடலின். தாவலாம், சுவரைப் பிடித்து ஏறலாம், காற்றில் ஒரே ஒரு முறை பாயலாம். இவ்வளவுதான் அவளால் முடியும். சுவரை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தால் கை தளர்ந்து விழுந்துவிடுவாள். ஆட்டம் கடினமானது. ஒரு திரையைத் தாண்டுவதற்குள் நாற்பது ஐம்பது முறை செத்துப்போவது சர்வசாதாரணம். ஆனால் செத்த மறு நொடியே அதே திரையின் தொடக்கத்தில் எழுந்து நிற்பாள். தண்டனை கிடையாது, மதிப்பெண் குறைப்பும் கிடையாது. எத்தனை முறை செத்தாய் என்பதற்காக வெட்கப்படாதே, கற்றுக்கொள்கிறாய் என்றுதான் அர்த்தம் என்று கேமே ஆறுதல் சொல்கிறது.

வழியில் ஒரு கண்ணாடியிலிருந்து அவளுடைய இன்னொரு உருவம் வெளியே வருகிறது. ‘உன்னால முடியாது, திரும்பிப் போயிடு’ என்கிற குரல் அது. மலை முழுக்கத் துரத்துகிறது. ஒரு கட்டத்தில் மேடலின் ‘நீ எனக்கு வேண்டாம்’ என்று அதை உதறப் பார்க்கிறாள். உடனே மலையின் அடிவாரம்வரை இழுத்துத் தள்ளப்படுகிறாள். பிறகுதான் அந்த உருவமும் பயந்துபோன தன்னுடைய ஒரு பகுதிதான் என்று புரிந்து, அதோடு சமாதானம் ஆகிறாள். அந்த நிமிடத்திலிருந்து காற்றில் இரண்டு முறை பாய முடிகிறது.

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ‘உன் பயத்தோடு சண்டை போடாதே’ என்று வசனத்தில் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். செலஸ்ட் அதை விரலுக்குச் சொல்கிறது. நேற்றுவரை எட்டாத திட்டு இன்று எட்டுகிறது. ஆடுகிறவரின் கைக்கே அது தெரிகிறது.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

வெளிவந்த வேகத்தில் உலகம் முழுக்கப் பாராட்டு. பல விமர்சகர்களின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி போடும் தளங்களில் நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டி நின்றது. 2018ஆம் ஆண்டு ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில், ஆண்டின் சிறந்த கேமுக்கான ஆறு பேர் பட்டியலில் இடம்பிடித்தது. அதே பட்டியலில் இருந்த ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து செய்த கேம். செலஸ்ட்டின் குழுவை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். முதல் பரிசு ‘காட் ஆஃப் வார்’ கேமுக்குப் போனது. சிறந்த இண்டி கேம், சமூகத் தாக்கம் ஏற்படுத்திய கேம் ஆகிய இரண்டு விருதுகளை செலஸ்ட் வாங்கியது.

விருது ஒரு பக்கம் இருக்கட்டும். பல விமர்சகர்கள் சுட்டிக்காட்டிய ஒரு காட்சி உண்டு. ரோப் கார் நடுவானில் நின்றுவிடுகிறது. மேடலினுக்கு மூச்சு முட்டுகிறது. கூட இருக்கும் நண்பன் தியோ, ‘ஒரு இறகு காற்றில் மிதப்பதாக நினைச்சுக்கோ, உன் மூச்சால அதைக் கீழே விழாம பாத்துக்கோ’ என்கிறான். திரையில் இறகு வருகிறது. பொத்தானை மெதுவாக அழுத்தி, மெதுவாக விட்டு, அதை மிதக்கவைக்க வேண்டும். ஆடுகிறவரின் மூச்சும் தன்னையறியாமல் அந்தத் தாளத்துக்கு வந்துவிடும்.

என் அக்கா மகன் தேர்வு ஹாலுக்கு வெளியே அன்று அதைத்தான் செய்து பார்த்திருக்கிறான். "பாதிதான் வேலை செஞ்சுது மாமா" என்றான்.

பாதிதான் என்று அவன் சொன்னது முக்கியம். கேம் மருந்து இல்லை. பதற்றம் அடிக்கடி வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416இல் பேசலாம். ஆனால் ‘எனக்கு வர்றதுக்கு ஒரு பேர் இருக்கு, இது எனக்கு மட்டும் வர்றதில்ல’ என்ற முதல் தகவல் அவனுக்கு எங்களிடமிருந்து வரவில்லை. அந்த மலையிலிருந்துதான் வந்தது.

குறை சொன்னவர்கள் இல்லையா?

உண்டு. அவர்களால்தான் இந்த கேமின் வரவேற்பு படிக்கத் தகுந்ததாகிறது.

முதல் விவாதம், கஷ்டத்தைப் பற்றியது. இவ்வளவு கடினமான ஆட்டத்தை விரல் வேகம் இல்லாதவர்கள், உடல் குறைபாடு உள்ளவர்கள் எப்படி ஆடுவார்கள்? அதற்காகவே ‘அசிஸ்ட் மோட்’ என்று ஒரு வசதி வைத்திருந்தார்கள். ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம், கை தளராமல் செய்யலாம், சாகாமலேயே செய்யலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அதைத் திறந்தவுடன் வந்த முதல் அறிவிப்பு, ‘கஷ்டம்தான் இந்த ஆட்டத்தின் சாரம், முதல் தடவை இது இல்லாமல் ஆடிப் பாருங்கள்’ என்ற தொனியில் இருந்தது. உதவி கேட்டு வந்தவரைப் பார்த்து ‘நிஜமாவே வேணுமா?’ என்று கேட்கிற மாதிரி. இதைச் சிலர் எடுத்துச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அந்த வாசகத்தையே மாற்றினார்கள். ஆட்டத்தின் விதிகளை உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லும்படி, தயக்கம் ஏற்படுத்தாத வாசகம் வந்தது. விமர்சனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே ஒரு பதில். மதிப்பெண்ணால் ஒரு வரிகூட மாறவில்லை. ‘இந்த வரி என்னைக் கூசவைக்கிறது’ என்று ஒருவர் சொன்னதால் மாறியது.

இரண்டாவது விவாதம், மலை என்கிற உருவகத்தைப் பற்றியது. மலைக்கு உச்சி உண்டு. ஏறினால் முடிந்தது. மன அழுத்தத்துக்கு உச்சி ஏது? ‘முயன்றால் வெல்லலாம்’ என்று நோயாளியிடம் சொல்வது, வெல்லாதவரைக் குற்றவாளி ஆக்குவதாகாதா? நியாயமான கேள்வி. எனக்கும் இதில் பாதி உடன்பாடு. ஆனால் 2019இல் ‘ஃபேர்வெல்’ என்று ஒரு கூடுதல் அத்தியாயம் வந்தது. உச்சி தொட்ட மேடலின் அதில் ஒரு மரணத்தின் துக்கத்தை ஏற்க முடியாமல் தவிக்கிறாள். மலை முடிந்தாலும் வாழ்க்கை முடியவில்லை என்று கேமே ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது அது.

இதோடு ஒப்பிட ‘கிரிஸ்’ என்றொரு கேம் உண்டு. ஸ்பெயினின் பார்சிலோனாவைச் சேர்ந்த நோமாடா ஸ்டுடியோ 2018 டிசம்பரில் வெளியிட்டது. குரலை இழந்த ஒரு பெண், நிறம் இழந்த ஓர் உலகம். நீர்வண்ண ஓவியம்போல விரியும். அதுவும் தாவி ஏறும் ஆட்டம்தான். ஆனால் அதில் சாவே கிடையாது. ‘பார்க்க அழகு, ஆட ஒன்றுமில்லை’ என்றார்கள் சிலர். ‘துக்கத்தில் இருப்பவரை மேலும் ஏன் சாகடிக்கணும்?’ என்றார்கள் வேறு சிலர். 2019 விழாவில் சமூகத் தாக்கத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. ஆயிரம் முறை விழவைத்து ஆறுதல் தருகிற கேம் ஒன்று, விழவே விடாமல் ஆறுதல் தருகிற கேம் ஒன்று. இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே விருதை வாங்கியிருக்கின்றன. எது சரி? இந்தக் கேள்வியைப் பேசத்தான் விமர்சனம் வேண்டும். நட்சத்திரக் குறி இதற்குப் பதில் சொல்லாது.

படைத்தவருக்கு முன்பே பார்த்த கண்கள்

செலஸ்ட் வெளியானதிலிருந்தே, அதை ஆடிய திருநர்கள் பலர் ‘மேடலின் எங்களில் ஒருத்தி’ என்று சொல்லிவந்தார்கள். கேமில் அப்படி நேரடியாக எந்த வசனமும் இல்லை. உள்ளுக்குள் இருக்கும் இன்னொருத்தியைக் கண்டு பயப்படுவது, அவளை ஏற்றதும் பலம் கூடுவது என்கிற கதையை அவர்கள் அப்படி வாசித்தார்கள். 2020 நவம்பரில் மேடி தோர்சன் ஒரு கட்டுரை எழுதினார். ஆமாம், மேடலின் திருநங்கைதான் என்றார். தானும் திருநர் என்று எழுதினார். கேமைச் செய்துகொண்டிருந்த காலத்தில் தனக்கே அது தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை என்றும் சொன்னார்.

எழுதியவருக்கு முன்பே வாசித்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல வாசிப்பால் இதெல்லாம் முடியும். நாவலுக்கு, கவிதைக்கு இப்படி நடந்தால் நாம் வியப்போம். வீடியோ கேமுக்கும் நடந்திருக்கிறது.

நம்ம ஆளுங்க யாரும் செய்யலையா?

செய்திருக்கிறார்கள். உலகமும் கவனித்திருக்கிறது.

2020இல் புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் ‘ராஜி’ என்ற கேமை வெளியிட்டது. கோலு என்கிற தம்பியை அசுரர்கள் தூக்கிப் போய்விடுகிறார்கள். அவனைத் தேடி அக்கா ராஜி கோட்டைச் சுவர்களில் தாவித் தாவிப் போகிறாள். ராஜஸ்தான் கோட்டைகளையும் அரண்மனைகளையும் பார்த்து வரைந்த உலகம் அது. 2017இல் பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்டப் பார்த்தார்கள், இலக்கை எட்டவில்லை. அதையும் தாண்டிச் செய்து முடித்தார்கள். கட்டடக் கலைக்கும் ஓவியத்துக்கும் விமர்சகர்கள் கைதட்டினார்கள். சண்டைக் காட்சிகள் இறுக்கமாக இல்லை, முடிவு பாதியில் அறுந்தாற்போல இருக்கிறது என்றும் சொன்னார்கள். ‘தி கேம் அவார்ட்ஸ்’ முதல் படைப்புப் பட்டியலில் இடம் கிடைத்தது. அதை ஆடிப் பார்த்தபோது எனக்கு ஒரு பொறாமை வந்தது. பாறைப் பிளவு, தூக்குப்பாலம், தானியக் களஞ்சியம், ஏழு அடுக்கு கல்யாண மகால் என்று செஞ்சியில் இல்லாத மேடையா? 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அதில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

அடுத்து ‘வெண்பா’. தாவி ஏறும் ஆட்டம் இல்லை, சமையல் ஆட்டம். ஆனால் மனசைத் தொடும் இண்டி கேம் என்றால் தமிழர்கள் முதலில் சொல்ல வேண்டிய பெயர் இதுதான். கனடாவின் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபோன வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். அம்மாவின் கிழிந்து அழிந்துபோன சமையல் குறிப்பேடு ஒன்று. விட்டுப்போன வரிகளை ஊகித்து இட்லி வார்க்க வேண்டும். மகன் வளர வளர மொழி நழுவுகிறது, உறவும் நழுவுகிறது.

2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த முதல் படைப்புக்கான விருதை வெண்பாவுக்குக் கொடுத்தது. அதே ஆண்டு சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரும் பரிசும் அதற்குத்தான். சினிமாவில் இப்படி ஒரு விருது கிடைத்திருந்தால் நாம் எத்தனை பக்கம் ஒதுக்கியிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளிநாட்டு விமர்சகர்கள் வெண்பாவை அன்போடு எழுதினார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே என்று குறைப்பட்டார்கள். சரி. ஆனால் அவர்களால் எழுத முடியாத சில விஷயங்கள் இருக்கின்றன. இட்லித் தட்டை அடுக்கும்போது குழிமேல் குழி வராமல் மாற்றி வைக்கணும் என்பது அவர்களுக்குப் புதிர். நமக்கு அது அம்மா தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம். வெண்பா, பாவலன், கவின் என்ற பெயர்களைக் கேட்டவுடன், தனித்தமிழ்ப் பெயர் வைத்த ஒரு தலைமுறையின் வரலாறு நமக்கு ஞாபகம் வரும். பிள்ளைக்குத் தமிழ்ப் பெயர் வைத்தவர்களின் வீட்டிலேயே தமிழ் நழுவுகிறது என்பதுதான் அந்தக் கதையின் கூர்மையான வலி. தளை தட்டக் கூடாத பா வகையின் பெயரை, வாழ்க்கை தளை தட்டிப்போன ஒருத்திக்கு வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் தமிழில் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டாமா? நல்லதைச் சொல்லவும் வேண்டும், ‘இந்த இடத்தில் அப்பாவுக்குப் போதுமான இடம் தரவில்லையே’ என்று சண்டை போடவும் வேண்டும்.

விமர்சனம் நமக்குப் புதிதா?

செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா பார்த்தவர்களுக்கு அர்ச்சுனன் தபசு தெரியும். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது. அவ்வளவு ஆழமாக இந்த மண்ணில் ஊறிய கூத்து அது. வெட்டவெளியில் ஒரு பனைமரத்தை நட்டு, அதில் படி அடித்திருப்பார்கள். அர்ச்சுனன் வேடம் கட்டியவர் பாசுபதம் வேண்டி ஏறுவார். ஒவ்வொரு படிக்கும் நின்று பாடுவார். கீழே குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு காத்திருப்பார்கள். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் விழும்.

படிப்படியாக ஏறுகிற ஒருவனைப் பார்த்துக் கீழே நிற்பவர்கள் கண்ணீர் விடுவது இந்த ஊருக்குப் புதிது அல்ல. செலஸ்ட் வந்துதான் கற்றுத்தர வேண்டும் என்பது இல்லை.

இன்னொன்றும் உண்டு. மறுநாள் காலை டீக்கடையில் போய் உட்காருங்கள். "நாலாம் படியில குரல் உடைஞ்சிடுச்சு. ஆனா உடைஞ்ச குரல்லயே பாடுனான் பாரு, அங்கதான் எனக்குப் பொறுக்கல" என்பார் ஒரு பெரியவர். "போன வருசம் வந்தவன் சும்மா மரம் ஏறிட்டு எறங்கினான். இவன் தபசு பண்ணான்" என்பார் இன்னொருவர். இதைவிட நல்ல விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் வராது. அந்தப் பெரியவர் பத்துக்கு எட்டு என்று மார்க் போடவில்லை. எந்தப் படியில் என்ன நடந்தது, அது தனக்குள் என்ன செய்தது என்று சொன்னார். நமக்கு விமர்சனம் செய்யத் தெரியும். கேம் என்று வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம்.

ரம்மியும் செலஸ்ட்டும் ஒண்ணா?

வாயை மூடிக்கொள்ளக் காரணம் இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகையில் ‘ஆன்லைன் கேம்’ என்ற சொல் பெரும்பாலும் குற்றச் செய்திப் பக்கத்தில்தான் வருகிறது. பணம் போனது, கடன் ஏறியது, உயிர் போனது. இவை பொய் இல்லை. அதனால்தான் தமிழ்நாடு அரசு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பி, பேரவை மறுபடியும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது.

அந்த மத்தியச் சட்டம் பண ஆட்டம் வேறு, இ-ஸ்போர்ட்ஸ் வேறு, பொழுதுபோக்கு ஆட்டம் வேறு என்று பிரித்துப் பேசுகிறது. சட்டத்துக்கே தெரிந்த இந்த வித்தியாசம் நம் வீட்டுக் கூடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. என் அக்காவுக்கு ‘கேம்’ என்றால் ரம்மியில் பணத்தை விட்ட தெரிந்தவர் ஒருவரின் முகம்தான் ஞாபகம் வரும். அவரைக் குறை சொல்ல முடியாது. வேறு எதையும் அவருக்கு யாரும் சொல்லவில்லையே.

செலஸ்ட்டை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் முடிந்தது. உள்ளே கடை இல்லை, பந்தயம் இல்லை. வழியில் ஸ்ட்ராபெர்ரி பழங்கள் கிடைக்கும். ‘இதைச் சேர்ப்பதால் நண்பர்களிடம் பெருமையடிக்கலாம், மற்றபடி பெரிய பிரயோஜனம் இல்லை’ என்று கேமே சொல்லிவிடும். மறுநாளும் வா என்று நச்சரிக்கிற, பெட்டியைத் திற, இன்னும் பத்து ரூபாய் கட்டு என்று ஆசைகாட்டுகிற கேம்கள் வேறு ரகம். அவற்றில் காசு கட்டி ஜெயிக்கும் சூது இல்லாவிட்டாலும் வேறு தந்திரங்கள் இருக்கின்றன. எது எந்த ரகம் என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லாதபோது, பெற்றோருக்குத் தெரிந்த ஒரே வழி பீரோச் சாவிதான்.

‘கேம் நேரத்தைத் தின்னுது, படிப்பு கெடுது’ என்ற பயம் நியாயமானது. செலஸ்ட்டுக்கும் அது பொருந்தும். தேர்வுக்கு முந்தின ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மலை ஏறினால் காலையில் தலை சுற்றத்தான் செய்யும். நேரக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதைக் கட்டுப்படுத்துகிறோம் என்று தெரிந்து கட்டுப்படுத்துவோம் என்கிறேன்.

என்ன செய்யலாம்?

பெரிதாக ஒன்றுமில்லை. சினிமாவுக்கு வெள்ளிக்கிழமை பக்கம் ஒதுக்கும் தமிழ் ஊடகங்கள், கேமுக்கு மாதம் ஒரு பத்தி ஒதுக்கலாம். கிராபிக்ஸ் எப்படி, விலை என்ன என்பதோடு நிறுத்தாமல், அந்த ஆட்டம் ஆடுகிறவரிடம் என்ன கேட்கிறது என்று எழுதலாம். எந்த வயதுக்கு, காசு கேட்குமா, எத்தனை மணி நேரம் ஆகும், மனசுக்கு என்ன செய்யும் என்று சொன்னால் பெற்றோருக்கு அதுவே பெரிய உதவி. செலஸ்ட் பத்து மொழிகளில் இருக்கிறது, தமிழில் இல்லை. அதனால் தமிழில் எழுதப்படும் விமர்சனம்தான் பல வீடுகளுக்கு அந்த கேமின் முதல் மொழிபெயர்ப்பாகவும் இருக்கும்.

பள்ளி ஆசிரியர்கள் ஒரு வகுப்பு நேரத்தில் ‘நீ ஆடுற கேமைப் பத்தி ஒரு பக்கம் எழுது’ என்று கேட்டுப் பார்க்கலாம். என்ன வரும் என்று படித்தபிறகு திட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

வீட்டில் செய்யக்கூடியது இன்னும் எளிது. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. நாங்கள் அதைத்தான் செய்தோம்.

மலையிலிருந்து இறங்கிய அன்று சாயந்திரம், அக்காவிடம் பீரோச் சாவியைக் கேட்டேன். முறைத்தார். ‘நீயும் உட்காருக்கா, அரை மணி நேரம்’ என்றேன். பையன் அசிஸ்ட் மோடில் வேகத்தைக் குறைத்து அவர் கையில் கொடுத்தான். முதல் திரையிலேயே அக்கா எத்தனை முறை விழுந்தார் என்று எண்ணுவதை விட்டுவிட்டோம். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மலையடிவாரத்தில் இருக்கும் பாட்டியைப் பார்த்து "இந்தக் கெழவி யாருடா, என் மாமியார் மாதிரியே சிரிக்குது" என்றார்.

பிறகு கண்ணாடி உடைந்து, அந்த இன்னொருத்தி வெளியே வந்து துரத்துகிற இடம் வந்தது. பையன் வாங்கி ஆடினான். ஓடினான், விழுந்தான், மறுபடி ஓடினான். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, அவ எதுக்கு இவளைத் தொரத்துறா?"

"இவ மலை ஏறக் கூடாதாம்மா. வீட்டுக்குப் போகணுமாம்."

"அவளும் பயந்துபோய்தாண்டா வர்றா. அவ மூஞ்சியப் பாரு. அவளை ஏன் வுட்டுட்டு ஓடுறா? கூட இட்டுக்கினு போவலாம்ல?"

பையன் திரும்பி என்னைப் பார்த்தான். மலையின் பாதியை ஏறி முடித்தபிறகுதான் மேடலினுக்குப் புரிகிற விஷயம் அது. அக்காவுக்கு இரண்டாம் அத்தியாயத்திலேயே புரிந்துவிட்டது. அதன்பிறகு அவன் தேர்வு ஹாலில் நடந்ததை முதல் முறையாக அம்மாவிடம் முழுசாகச் சொன்னான். அடுத்த வாரம் டாக்டரிடம் போகலாம் என்று முடிவானது. லேப்டாப் இப்போது கூடத்து மேசையில் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம்.